பெயரை வாங்குவதா, பிசிறை வாங்குவதா?

பினாங்கில் எங்கள் பங்கின் செப அறையைப் புதுப்பித்தாகிவிட்டது. உள்சுவர் ஒன்று மட்டும் வெறுமையாக நிற்கிறது. ஆண்டவருடைய பாடுகளின் காட்சி ஒன்றை அங்கே மாட்ட வேண்டும், அது கறுப்பு வெள்ளை அச்சோவியமாக இருக்க வேண்டும் என்பது வரை எங்கள் அன்பியத்தில், அதாவது பங்கின் சிறு செபக் குழுவில், எல்லாருக்கும் ஒரே மனது. எதை வாங்குவது என்பதில்தான் கருத்து பிரிந்தது. மூத்தவர்களில் சிலர் 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்ப்ராண்டின் தகட்டிலிருந்தே எடுத்த பழைய பிரதி ஒன்று வேண்டும் என்கிறார்கள். இணையத்தில் ஒரு வியாபாரி விற்கும் 19ஆம் நூற்றாண்டு ஹீலியோகிராவூர் (மூலத்தைப் புகைப்பட முறையில் தகட்டுக்கு மாற்றி அச்சிட்ட நகல்) வேறு சிலருக்குப் பிடித்திருக்கிறது. அருங்காட்சியகம் இலவசமாகத் தரும் படத்தை நல்ல தாளில் அச்சிட்டால் போதும் என்பது இளையவர்கள் பேச்சு. நான்காவது வழி, இங்கேயே இருக்கும் கலைஞர் ஒருவரிடம் புதிதாக ஒரு ட்ரைபாயிண்ட், அதாவது செப்புத் தகட்டில் ஊசியால் கீறி அச்சிடும் படம், செய்யச் சொல்வது. சேர்ந்திருக்கும் பணம் 5,000 ரிங்கிட்.

விசாரித்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: நான்காவது வழியே சரி. அது கைகூடாவிட்டால் மூன்றாவது. முதல் இரண்டுக்கும் எங்கள் பணத்தைக் கொடுக்கக் கூடாது. ஏன் என்பது புரிய ட்ரைபாயிண்ட் எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

எட்சிங் முறையில் செப்புத் தகட்டின் மேல் மெழுகுப் பூச்சு போட்டு, பூச்சை மட்டும் கீறி, உலோகத்தை அரிக்கும் வேலையை அமிலத்திடம் விட்டுவிடுவார்கள். ட்ரைபாயிண்டில் அமிலம் கிடையாது. கூர்மையான எஃகு ஊசியைப் பிடித்துச் செம்பையே நேரடியாகக் கீற வேண்டும். கோடு எவ்வளவு ஆழம் என்பது மணிக்கட்டின் அழுத்தத்தைப் பொறுத்தது. ஊசி உழுதுகொண்டு போகும்போது செம்பு கழன்று விழுவதில்லை; கோட்டின் ஓரத்தில் மேடாக ஒதுங்கி நிற்கிறது. பட்டறையில் வேலை பார்த்தவர்கள் இதைப் பிசிறு என்பார்கள், அரம் போட்டு எடுத்தும்விடுவார்கள். ட்ரைபாயிண்ட் கலைஞருக்கோ அந்தப் பிசிறுதான் மூலதனம். தகட்டில் மை பூசிச் சல்லாத்துணியால் துடைக்கும்போது, பள்ளத்தில் மட்டுமன்றிப் பிசிறின் இடுக்கிலும் மை தங்கிக்கொள்கிறது. நனைத்த தாளை அதன் மேல் வைத்து, கம்பளி விரிப்பால் மூடி, உருளைகளுக்கு நடுவே அழுத்தினால் கோட்டோரத்தில் மை கசிந்து படர்ந்து, வெல்வெட் துணியின் ஆழத்தோடு ஒரு கருமை தாளில் இறங்குகிறது. ஊசியைச் செங்குத்தாகப் பிடித்தால் கோட்டின் இருபுறமும் பிசிறு எழும்பும். சாய்த்துப் பிடித்தால் ஒரு புறம் மட்டும் தடித்து எழும்பும். எந்தக் கோட்டுக்கு எந்தச் சாய்வு என்று முடிவு செய்வதில் ஒரு கலைஞரின் கை தெரிந்துவிடும்.

ஆனால் ஒவ்வொரு முறை உருளைக்குள் போய் வரும்போதும் அந்தப் பிசிறு நசுங்குகிறது. பிசிறு முழுமையாக நிற்கும் பிரதிகள் பத்தோ இருபதோதான் கிடைக்கும். அதன் பிறகு எடுப்பவற்றில் கருமை வற்றிப்போய்க் கோடு மெலிந்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் தகட்டின் மேல் மின்முலாமாக மெல்லிய இரும்புப் படலம் ஏற்றும் முறை வந்த பிறகு கூடுதல் பிரதிகள் எடுக்க முடிந்தது. அதற்கு முந்தைய காலத் தகடுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஜெர்மானியக் கலைஞர் ட்யூரர் 1512 வாக்கில் இந்த முறையில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே தகடுகள் செய்தார்.

இப்போது ரெம்ப்ராண்டிடம் வருவோம். எங்கள் பேச்சு தொடங்கியதே அவருடைய ‘மூன்று சிலுவைகள்’ படத்திலிருந்துதான். 1653இல் செய்தது. ஏறத்தாழ 38 சென்டிமீட்டர் உயரம், 45 சென்டிமீட்டர் அகலம். பெரும்பகுதி ட்ரைபாயிண்ட், இடையிடையே பியூரின் உளியின் வேலை. லூக்கா நற்செய்தியில் நண்பகல் முதல் மூன்று மணி வரை நாடெங்கும் இருள் சூழ்ந்ததாக வருகிறதே, அந்த நேரம். மேலிருந்து ஒளி கூம்பாக இறங்கி நடுச் சிலுவையில் விழுகிறது. குதிரையிலிருந்து இறங்கிய நூற்றுவர் தலைவர் கைகளை விரித்துச் சிலுவையின் முன் மண்டியிட்டிருக்கிறார். வலப்புறத்தில் அன்னை மரியா தளர்ந்து சாய்ந்திருக்கிறார். முன்பக்கத்தில் இருவர் அவசரமாக அந்த இடத்தை விட்டு நடக்கிறார்கள்.

இந்தத் தகட்டை அவர் பல முறை மாற்றினார்; ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கிடைக்கும் வடிவத்தை ஒரு நிலை என்பார்கள். முதல் நிலையின் சில பிரதிகளைத் தாளில் அச்சிடாமல் பதப்படுத்திய தோலில் அச்சிட்டார். தோல் மையை உறிஞ்சாது. அதனால் கோடுகள் இன்னும் கசிந்து, காட்சி முழுவதுமே கண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பதாகிவிடுகிறது. பிறகு, பிசிறு தேய்ந்துபோன தகட்டைச் சுரண்டி, கிட்டத்தட்ட வேறொரு படமாகவே நான்காம் நிலையை உருவாக்கினார். கூட்டத்தில் பாதி காணாமல் போகிறது. வலப்பக்கச் சிலுவை நெருக்கமான செங்குத்துக் கீறல்களுக்குப் பின்னால் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. உயரமான தொப்பியோடு ஒரு குதிரைவீரன் புதிதாக வந்து நிற்கிறான். அந்த உருவம் இத்தாலியக் கலைஞர் பிசனெல்லோ வார்த்த பதக்கம் ஒன்றிலிருந்து எடுத்தது. தேய்மானத்தைக் கண்டு தகட்டைத் தூக்கிப்போடாமல், மிச்சமிருந்த செம்பிலிருந்து அந்த மூன்று மணி நேர இருட்டையே வெட்டி எடுத்த மனிதர் அவர். எனக்கு அவர் மேல் இருக்கும் மரியாதைக்கு இந்த நான்காம் நிலை ஒன்றே போதும்.

அந்தத் தகடு இன்று இல்லை. நல்ல பிரதிகள் பெரும்பாலும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. எப்போதாவது ஏலத்துக்கு வருபவை எங்கள் ஊரில் ஒரு மாடி வீட்டை வாங்கும் விலைக்கும் மேலே போகும். ஆகவே “ரெம்ப்ராண்டின் தகட்டிலிருந்து” என்று 5,000 ரிங்கிட்டுக்குள் ஏதாவது அகப்பட்டால் அது அவருடைய சிறிய எட்சிங் ஒன்றின் பிற்காலப் பிரதியாகத்தான் இருக்கும். அவர் 1669இல் இறந்தார். அவருடைய தகடுகளில் பல கைமாறிக் கைமாறி, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸில் அச்சோவிய வணிகம் செய்த பியேர் ஃபிரான்சுவா பாஸானிடம் வந்து சேர்ந்தன. அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் அவற்றை மறுபடி மறுபடி அச்சிட்டு விற்றார்கள். தேய்ந்த இடங்களை வேறு கைகள் மீண்டும் கீறி ஆழப்படுத்தின. இன்னொரு கதை இன்னும் வருத்தமானது. இயேசு நோயாளிகளைக் குணமாக்குவதைக் காட்டும் ‘நூறு கில்டர் அச்சு’ என்று பேர்பெற்ற பெரிய தகட்டை 18ஆம் நூற்றாண்டில் கேப்டன் வில்லியம் பெய்லி என்பவர் வாங்கி, தன் கையால் திருத்தி அச்சிட்டு, கடைசியில் அதை நான்கு துண்டுகளாக வெட்டிவிட்டார்.

இத்தகைய பிற்காலப் பிரதிகளில் முதலில் சாவது ட்ரைபாயிண்ட் தொட்ட இடங்கள்தான். எட்சிங் கோடு அமிலத்தால் ஆழமாக அரிக்கப்பட்டது, தாக்குப்பிடிக்கும். ஊசி எழுப்பிய பிசிறோ முதல் சில டஜன் அழுத்தங்களிலேயே போய்விட்டிருக்கும். நாங்கள் விரும்பியது எதுவோ அதுவே இல்லாத ஒரு தாளுக்கு, கீழே இருக்கும் பெயருக்காகக் காசு கொடுப்போம். அளவும் இடிக்கிறது: அந்த எட்சிங்குகள் பலவும் கைக்குள் வைத்துப் பார்க்க வேண்டியவை. இருபது பேர் உட்கார்ந்து செபமாலை சொல்லும் அறையின் சுவரில் அவை தபால்தலை ஆகிவிடும். மூத்த அண்ணன்மார் ஆசைப்படுவது எனக்குப் புரிகிறது. 350 ஆண்டுகளுக்கு முந்தைய கையோடு ஒரு தொடர்பு வேண்டும் என்ற ஏக்கம் அது. அந்தத் தொடர்பு இந்தத் தாள்களில் இல்லை.

ஹீலியோகிராவூர் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1870களிலும் 1880களிலும் பாரிஸில் அமாண்ட்-துராண் என்பவர் ரெம்ப்ராண்டின் அச்சோவியங்களைப் புகைப்பட முறையில் செப்புத் தகட்டுக்கு மாற்றி, அரித்து, உண்மையான அச்சு உருளையில் அச்சிட்டார். நேர்த்தியான வேலை. தகட்டின் விளிம்புத் தடம் தாளில் பதிந்திருக்கும், மை கொஞ்சம் மேடாகவும் நிற்கும். இதனால்தான் இன்றும் பலர் இவற்றை மூலப் பிரதி என்று நம்பி வாங்கிவிடுகிறார்கள். அவர் பின்பக்கத்தில் சிவப்பு மையில் தன் முத்திரையை வைத்தார். சட்டத்துக்குள் போய்விட்டால் அந்த முத்திரை யார் கண்ணுக்கும் படாது. கலை வரலாறு படிப்பவர்கள் சேகரிக்கலாம். செப அறைக்கு அது அரைக் கிணறு: மூலமும் இல்லை, மூலத்தை முழுமையாகக் காட்டும் நகலும் இல்லை.

இளையவர்கள் சொன்ன வழியை நான் அலட்சியமாகத்தான் அணுகுவேன் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அப்படி இல்லை. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் தன்னிடமுள்ள ரெம்ப்ராண்ட் படங்களை மிகப் பெரிய அளவில் தரவிறக்க அனுமதிக்கிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ‘மூன்று சிலுவைகள்’ படத்தை அதே அளவில், பருத்திக்கூழ்த் தாளில், நிறமி மையால் ஜார்ஜ் டவுனிலேயே அச்சிடலாம். சில நூறு ரிங்கிட்டில் முடிந்துவிடும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, கீழே “நகல்” என்று தெளிவாக எழுதிவிட்டால். பூதக்கண்ணாடியில் பார்த்தால் கோடு கோடாகத் தெரியாது, மைப்புள்ளிகளாகத் தெரியும். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால் தாள் தட்டையாகவே இருக்கும். அது நகலின் குற்றம் இல்லை, இயல்பு.

நகலுக்கென்றே ஒரு சிறப்பும் உண்டு. மூலம் வாங்குபவர் ஒரு நிலையைத்தான் வாங்க முடியும். நகல் வைப்பவர் முதல் நிலையையும் நான்காம் நிலையையும் அடுத்தடுத்து மாட்டலாம். தவக்காலத்தில் மறைக்கல்விப் பிள்ளைகளை இரண்டுக்கும் நடுவே நிற்கவைத்து, “இந்தப் படத்தில் இருந்த யார் அந்தப் படத்தில் இல்லை?” என்று கேட்டால், அரை மணி நேரம் அவர்கள் நகர மாட்டார்கள். ஆகவே செப அறைக்கு எதை வாங்கினாலும் மறைக்கல்வி வகுப்புக்கு இந்த இரண்டு நகல்களையும் எடுத்துவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

செப அறைக்கு ஏன் புதிய ட்ரைபாயிண்ட்? செபிக்க வருபவர் ஒரு கையின் அழுத்தத்துக்கு முன்னால் உட்கார வேண்டும் என்பதற்காக. பிசிறு புதிதாக நிற்கும் தகட்டின் முதல் சில பிரதிகளில் ஒன்றை நம்மால் வாங்க முடியும் என்றால், அது இந்த ஒரு வழியில்தான். ரெம்ப்ராண்டின் அரும்பெரும் கலை அதில் இருக்காது. ஆனால் ஆம்ஸ்டர்டாமில் அவர் அச்சிட்ட பதப்படுத்திய தோலிலும் ஜப்பானியத் தாளிலும் இறங்கிய அதே கருமை, மங்காமல், எங்கள் சுவரில் இருக்கும்.

இந்த முறை பழைய காலத்தோடு முடிந்துபோனதும் இல்லை. முதல் உலகப் போரில் மருத்துவப் பணியாளராக இருந்து உடைந்துபோன ஜெர்மானியர் மக்ஸ் பெக்மன், 1918இல் இயேசுவைச் சிலுவையிலிருந்து இறக்கும் காட்சியை ட்ரைபாயிண்டில் செய்தார். இறக்கிய பிறகும் அந்த உடலின் கைகள் மடங்கவில்லை, சிலுவையில் இருந்தபடியே விறைத்து நீண்டிருக்கின்றன. போர்க்களத்துப் பிணங்களைத் தூக்கிப் பார்த்தவரின் படம் அது. அவரவர் காலத்து வலியைச் செம்பில் கீற இந்த ஊசி இடம் கொடுக்கிறது.

மலேசியாவில் இதற்கு ஆள் இல்லை என்றும் நினைக்க வேண்டாம். இல்சே நூர் எட்சிங்கிலும், ஜுஹாரி சயிட் மரச்செதுக்கு அச்சிலும் பெயர் பெற்றவர்கள். ஷா ஆலாமின் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும், எங்கள் பக்கத்திலேயே பினாங்கின் அறிவியல் பல்கலைக்கழகத்திலும் நுண்கலை கற்றுக்கொடுக்கிறார்கள். பெரிய பெயர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. அச்சு உருளை வைத்திருக்கும், செம்பில் கை பழகிய இளம் கலைஞர் போதும். அவருடைய முந்தைய ட்ரைபாயிண்ட் ஒன்றைக் கேட்டு வாங்கி, சாய்வான வெளிச்சத்தில் பார்த்து, இருண்ட பகுதிகள் உயிரோடு இருக்கின்றனவா என்று கவனித்தால் போதுமானது.

காட்சி எது என்பதில் என் மனம் மாறியிருக்கிறது. சிலுவைக் காட்சியை ரெம்ப்ராண்டுக்கே விட்டுவிடலாம். ட்ரைபாயிண்டின் செல்வம் இருட்டு. ஆகவே இரவுக் காட்சி ஒன்றைக் கேட்போம். கெத்சமனித் தோப்பில் இயேசு தனியாகச் செபித்த இரவு அது. சீடர்கள் துயரத்தால் உறங்கிவிட்டார்கள் என்று லூக்கா எழுதுகிறார். இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அன்பியத்து அக்கா ஒருவர், “அந்தத் தோப்பு ரப்பர்த் தோட்டமாக இருக்கக் கூடாதா?” என்று கேட்டார். கெடா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். பால் குளிர்ந்த நேரத்தில்தான் நன்றாக இறங்கும் என்பதால் விடியுமுன் நெற்றி விளக்கோடு மரத்தடிக்குப் போன தலைமுறையின் மகள். அதைக் கேட்டு அந்த அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. ஒலிவ மரங்களை மாற்றுவது விவிலியத்தை மாற்றுவதாகாதா என்று ஓர் அண்ணன் பிறகு கேட்டார், நியாயமான கேள்வி. ஐரோப்பிய ஓவியர்கள் தங்கள் ஊர் மரங்களையும் தங்கள் ஊர் ஆடைகளையும் பல நூற்றாண்டுகளாகப் பாடுகளின் காட்சிக்குள் வைத்திருக்கிறார்கள். எங்கள் பாட்டன்மார் இருட்டில் நின்ற மரங்களுக்கும் அந்த இடம் உண்டு என்பதே என் எண்ணம். வெட்டுப் பட்டையின் சாய்ந்த கோடுகளைச் செம்பில் கீறுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊசியும் இல்லை. இறுதி முடிவு பங்குத்தந்தையுடையது.

ஒன்றை மட்டும் கலைஞரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். தகட்டில் வரைவது தாளில் இடவலம் மாறி விழும். தகட்டில் வலக்கையை உயர்த்திய இயேசு, தாளில் இடக்கையை உயர்த்தியிருப்பார். எழுத்து ஏதாவது வேண்டுமென்றால் அதை இடவலம் மாற்றிய கண்ணாடி எழுத்தாகக் கீற வேண்டும். தமிழ் எழுத்தின் சுழிகளை அப்படிச் செம்பில் திருப்புவது எளிதல்ல, ஏனெனில் வளைவுகளில் ஊசி வழுக்கும். என் யோசனை, படத்துக்குள் எழுத்தே வேண்டாம்.

தகடு செம்பாக இருக்க வேண்டும். பல கலைப் பள்ளிகளில் செலவு குறைவென்று பிளாஸ்டிக் தகட்டில் ட்ரைபாயிண்ட் செய்கிறார்கள். பயிற்சிக்கு நல்லது, ஆனால் பிசிறு சீக்கிரம் மடிந்துவிடும். பன்னிரண்டு பிரதிகள் போதும். ஒவ்வொன்றிலும் பென்சிலில் எண்ணும் கையெழுத்தும் வேண்டும். நாம் கேட்கும் பிரதி முதல் நான்கில் ஒன்றாக இருக்க வேண்டும், பென்சில் எண் அச்சிட்ட வரிசையைக் காட்டாமலும் போகலாம் என்பதால் அச்சிடும் நாளில் யாராவது ஒருவர் போய்த் தேர்ந்தெடுப்பது நல்லது. மற்ற பிரதிகளைக் கலைஞர் விற்றுக்கொள்ளட்டும். அதனால் அவர் கேட்கும் தொகையும் குறையும்.

பிறகு இருப்பது எங்கள் ஊரின் ஈரம். பினாங்கில் மலையிலிருந்தும் கடலிலிருந்தும் வரும் ஈரக் காற்று தாளுக்கு எதிரி. வாரத்தில் ஒரு நாள் குளிர்சாதனம் ஓடி, மற்ற நாள்கள் பூட்டியிருக்கும் அறை இன்னும் மோசம்: தாள் சுருங்கும், விரியும், ஓரிரு ஆண்டுகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும், ராமபாணப் பூச்சி வரும். சட்டக் கடையில் போய் “நல்லதாகப் போடுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு வரக் கூடாது. அமிலமற்ற அட்டை, புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி என்று கேட்டு வாங்க வேண்டும். தாளை அட்டையில் முழுதாக ஒட்டிவிட்டால் அந்தப் படம் போனதுதான்; மேல் விளிம்பில் மட்டும் ஜப்பானியத் தாள் துண்டும் மாவுப் பசையும் கொண்டு தொங்கவிட வேண்டும். சட்டத்தின் பின்புறம் சிறு கட்டைகள் வைத்து, சுவரிலிருந்து விலக்கி மாட்டினால் காற்று புகும். மழை அடிக்கும் வெளிச்சுவர் வேண்டாம். நல்ல வேளையாக எங்களுடையது உள்சுவர். 5,000 ரிங்கிட்டில் 800 ரிங்கிட்டாவது சட்டத்துக்கு ஒதுக்கிவிட்டுத்தான் கலைஞரிடம் தொகை பேச வேண்டும்.

தொகை பாதி முன்பணமாக, மீதி பிரதி கைக்கு வந்த பிறகு. முதல் சோதனைப் பிரதியை எடுத்ததும் பங்குத்தந்தையும் அந்த அக்காவும் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வோம். அந்தக் கட்டத்தில் ஒரு மரத்தைச் சேர்ப்பதோ ஒரு முகத்தைச் சுரண்டி மாற்றுவதோ கலைஞருக்கு முடியும். பன்னிரண்டும் அச்சிட்டு முடித்த பிறகு தகட்டின் குறுக்கே ஒரு கோடு கீறி அதை ரத்து செய்வது வழக்கம். அந்தத் தகட்டையும் கேட்டு வாங்கி மறைக்கல்வி வகுப்பில் வைக்கலாம். பிள்ளைகள் விரலால் தடவிப் பார்க்கட்டும்.